தண்ணீருக்குள் கொழுந்தெடுத்தவர்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்தில் எந்தக் காரியமும் நடப்பதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த காம்பராவில் இருந்த அத்தைதான் அதற்குக் காரணம். உறவில் அவர் எனக்கு அத்தை இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இருந்தது கூரையைத் தொடாத சுவர். அவர் அங்கே வெங்காயம் நறுக்கினால் இங்கே எங்களுக்குக் கண் எரியும். அத்தை என்று கூப்பிட அது போதாதா?

எதைச் செய்வதானாலும் முதலில் ஊருக்குச் சொல்லிவிடுவது அவர் பழக்கம். காதோடு காதாக அல்ல. வீட்டுக்கு முன்னால் இருக்கும் இஸ்தோப்பில் வந்து நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்து, பள்ளத்தில் இருக்கும் கீழ் லயத்துக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்பார்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், "இன்னையோட நான் வெத்தலைய விட்டுட்டேன்! இனி என் வாயில செவப்பப் பாத்தா யாரு வேணும்னாலும் காறித் துப்பலாம்!" என்றார். அதோடு அவருக்கு நிம்மதி போயிற்று. மலைத் தண்ணீர் குழாயில் கொட்டும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு அவர் கை சும்மா வெற்றிலைப் பை செருகும் இடுப்புப் பக்கம் போனாலும் நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும்.

"மதினி, கைய எடுங்க!"

"அத்தை, நாக்க நீட்டுங்க பாப்போம்!"

எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெற்றிலையை விட்டார். திட்டினார்; ஆனால் விட்டார்.

"ஏன் அத்தை இப்படி? மெதுவா விட்டுட்டு அப்பறமா சொன்னா என்னா?" என்று கேட்டேன்.

"சொல்லாம செஞ்சா தோத்தது யாருக்கும் தெரியாது புள்ள. யாருக்கும் தெரியாட்டி தோக்கறது லேசு."

தோற்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். காளான் வளர்க்கப் போவதாக அவர் அறிவித்த வருடம் பைகளில் கறுப்புப் பூசணம்தான் பூத்தது. வேறு யாராவது என்றால் பைகளை ஓசைப்படாமல் குப்பையில் சேர்த்திருப்பார்கள். அத்தை பட்டப்பகலில் அதே இஸ்தோப்பில், அதே இடுப்பில் கையோடு நின்றார். "காளான் வரல! வந்தது பூரா பூசணம்! சிரிக்கிறவங்க இன்னைக்கே சிரிச்சு முடிச்சிருங்க. நாளைக்கு எனக்கு வேல இருக்கு!"

நான் அதற்கு நேர் எதிர். எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். இதை அடக்கத்தோடு சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எதையும் வெளியே சொல்ல மாட்டேன். பரீட்சையில் நல்ல புள்ளி வந்தால்கூட அம்மாவிடம் மட்டும் மெல்லச் சொல்வேன். அடுத்த முறை குறைந்துவிட்டால்?

மீன் தொட்டி அறிவிப்பு வீட்டில் நடக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில், பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற நேரத்தில் நடந்தது. அன்று பள்ளி விடுமுறை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. வர்ற திருவிழாவுக்கு எங்க வீட்ல ஒரு மீன் தொட்டி இருக்கும். சும்மா கலர் கல்லப் போட்டு ரெண்டு மீன விட்டு வெக்கிற தொட்டி இல்ல. உள்ள செடி இருக்கும். காடு மாதிரி செடி. அதுக்குள்ள மீனு ஓடும். தேரு பாக்க வர்ற சனம் மொதல்ல என் தொட்டிய பாத்துட்டுத்தான் தேருக்குப் போகும்!"

கடைசிக் காம்பரா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். அத்தையின் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முதல் கேலி அவருடையதாகத்தான் இருக்கும். அதை ஓர் உரிமையாகவே வைத்திருந்தார்.

"ஏன் மதினி, நம்ம குளிருக்கு மீனுக்கும் ஒரு கம்பளி வாங்கணுமே?"

"வாங்கினா ஒனக்கும் சேத்து வாங்குறேன், அப்பவாவது வாய மூடுவியான்னு பாப்போம்."

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ஆனால் கேலியில் நியாயம் இருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துக் குளிர் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தை மாதக் காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். லயத்துக்கு வரும் மின்சாரம் மழை வந்து இடி இடித்தால் போய்விடும். அதை நம்பித் தண்ணீரைச் சூடாக்கும் கருவி வைக்க முடியாது.

டவுனில் மீனும் தொட்டியும் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் நானாவும் அதையேதான் சொன்னார். நல்ல மனிதர். விற்பனையைவிட உண்மை முக்கியம் என்று நினைக்கும் வியாபாரி.

"தங்கச்சி, நான் பொய் செல்ல மாட்டேன். ஒங்கட பக்கத்துக் குளிருக்கு கோல்ட்ஃபிஷ்தான் தாங்கும். ஆனா அது செடிய வெக்காது, புடுங்கித் தின்னுரும். மீன் வேணும்னா செடிய மறந்திருங்க. செடி வேணும்னா மீன மறந்திருங்க."

"எனக்கு ரெண்டும் வேணும் நானா."

"ரெண்டும் சரிவராது."

"எங்க திருவிழாவுக்கு நீங்க வாங்க. ரெண்டையும் ஒரே தொட்டியில காட்டுறேன்."

"காட்டினா நான் கடைய மூடிட்டு வாறன்," என்று சிரித்தார் நானா.

கடையை விட்டு இறங்கியதும், "கேட்டியா புள்ள? கடைய மூடுறாராம். சாச்சி நீதான்," என்றார் அத்தை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தொட்டி வந்தது. என் வேலை கைபேசியில் படித்துச் சொல்வது. இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அத்தை போஞ்சி நறுக்கிக்கொண்டே கேட்பார்.

"அடியில மண்ணு, மேல மணலு, அதுல செடி. செடி வேர் புடிச்சு தண்ணி பழுக்கிற வரைக்கும் மீன் விடக் கூடாதாம் அத்தை."

"தண்ணி பழுக்குமா?"

மீனின் கழிவு நஞ்சாகும் என்றும், அந்த நஞ்சைத் தின்று மாற்றிவிடும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருக வேண்டும் என்றும், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றும் விளக்கினேன். என் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருந்த விஷயம். அது ஒருவர் வீட்டு முன்னறையில் நடக்கப் போகிறது என்பது எனக்கே புல்லரிப்பாக இருந்தது.

"அதாவது, வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி கூட்டித் துடைக்கிற ஆளுங்க வரணும்."

"ஆமா அத்தை."

"அந்த வேலையத்தான நான் வெளிநாட்ல பாத்தேன்," என்றார்.

அந்தக் கதையை மறுநாள் பீலிக்கரையில் மணல் கழுவும்போது சொன்னார். எத்தனை முறை கழுவினாலும் மணலிலிருந்து கலங்கல் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் விரலை வெட்டும் குளிர்.

"நான் இருந்த வீட்ல சுவர் அகலத்துக்கு ஒரு தொட்டி புள்ள. உள்ள பூரா செடி. மாசத்துக்கு ஒருக்கா ஒருத்தன் வந்து, கைய உள்ள விட்டு வெட்டிட்டுப் போவான். எனக்கு வேல வெளியில. அந்த வீட்டுப் பிள்ளைங்க கண்ணாடியில விரல வெச்சு வெச்சுப் பாக்குங்க. அந்த விரல் அடையாளத்த நான் துடைக்கணும். ஒரு நாளு மூடியத் தொறந்து சும்மா தண்ணியத் தொட்டேன். அந்தம்மா பாத்துட்டு, 'ஒன் கை சோப்புக் கை, மீனு செத்துரும்'னு சொல்லிருச்சு. சரிதான். சோப்புக் கைதான். அது தப்பா சொல்லல."

மணலை ஒரு முறை அலசி ஊற்றினார்.

"ஆனா அவன் வெட்டுறத பாக்கறப்பல்லாம் எனக்குக் கை துறுதுறுன்னு வரும். கொழுந்து கொட்டிக் கெடக்கிற மலையில கூடையில்லாம நிக்கிற மாதிரி."

அந்த மணலை இன்னும் இரண்டு தடவை சேர்த்தே கழுவினேன்.

தொட்டியை வைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் சமையலறைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு அடுப்பு. விடிய எரியத் தொடங்கினால் ராத்திரி தணல் அடங்கும் வரை அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் பூனை முதுகைச் சாய்த்துப் படுப்பது அங்கேதான். பூனையை விரட்டிவிட்டுத் தொட்டியை வைத்தார். பூனை அவரை மன்னிக்கவே இல்லை.

உள்ளே வைக்க ஒரு மரத்துண்டு வேண்டும் என்றேன். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று வைத்த மலையிலிருந்து ஒரு தூரைச் சுமந்து வந்தார். நூறு கையாய் முறுக்கிய வேர். பார்க்க அவ்வளவு அழகு. தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்ன தொரையிடம் கேட்டுத்தான் எடுத்தார். அதையும் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கேட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. வேக வைத்து, ஊற வைத்துத் தொட்டியில் போட்டோம். காலையில் தண்ணீர் சிவந்திருந்தது.

கடைசிக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்தார். "மீனுக்கு பிளேன்டீ ஊத்திட்டீங்களா மதினி? சீனி போட்டாச்சா?"

தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றத் தெளிந்தது. நானா தந்த செடித் தண்டுகளை நட்டோம். தூரில் நூலால் பாசியைக் கட்டினோம். அதன் பிறகு வாரக்கணக்கில் செடி மட்டும் இருந்தது. 'மீனில்லாத மீன் தொட்டி' என்று லயத்தில் பெயராகிவிட்டது. கீழ் லயத்திலிருந்தெல்லாம் வந்து, "மீனு எங்க, வேலைக்குப் போயிருச்சா?" என்று கேட்டார்கள்.

செடிகள் வளர்ந்து தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீளக் கத்தரிக்கோலால் நுனியை வெட்ட வேண்டும் என்று காணொளியில் காட்டினார்கள். எங்களிடம் அந்தக் கத்தரிக்கோல் இல்லை. அத்தை எழுந்து பீலிக்குப் போனார். சோப்பு இல்லாமல், மணலும் தண்ணீரும் போட்டு முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. டக். இரண்டு இலையும் ஒரு குருத்தும் கையோடு வந்தன. டக், டக், டக். தேயிலை மலையில் நிரை பிடித்துப் போகும் அதே வேகம்.

"தேயில மாதிரிதான புள்ள இதுவும். மேல கிள்ளினாத்தான் பக்கத்துல வெடிக்கும்."

எடுத்த நுனிகளை அப்படியே மணலில் நட்டார். பத்து நாளில் கிள்ளிய இடமெல்லாம் இரண்டு இரண்டாகத் துளிர்த்தது. ஆனால் என் நினைவில் நிற்பது துளிர் அல்ல. அன்று கிள்ளி முடித்து, நட்டு முடித்த பிறகும் அவர் கையை வெளியே எடுக்கவில்லை. விரலை விரித்துத் தண்ணீருக்குள் சும்மா வைத்திருந்தார். செடிகள் விரலிடுக்கில் அசைந்தன. நான் அடுப்பில் கேத்தலைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

பிறகு மீன் வந்தது. குளிரைக் கொஞ்சம் தாங்கும் என்று நானா அரைமனதோடு தந்த சீப்ரா. விரல் நீளம்கூட இல்லாத, உடம்பு முழுக்கக் கோடு போட்ட மீன். அத்தை பையை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பிள்ளையென்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அடுத்து நடந்தது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. குளிர் கூடக் கூடச் செடியின் இலை வெளுத்தது. இலை வெளுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் தெரியும். உரம் போட வேண்டும். திருவிழா நெருங்குகிறது, காடு என்று சொல்லியாகிவிட்டது. மாமா, அதாவது அத்தையின் கணவர், கிழங்குப் பாத்திக்கு வைத்திருந்த தேயிலை உரத்தில் ஒரு சிட்டிகையை எடுத்து ஒரு சாயந்திரம் அத்தை தொட்டியில் தூவினார்.

மறுநாள் விடியலில் சுவருக்கு மேலாகச் சத்தம் வந்தது. "ஏ புள்ள! எழும்பு! ஓடியா!"

போனேன். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன.

"என்னா போட்டீங்க?"

"உரம். தேயில உரம்." மறைக்கவில்லை, மழுப்பவில்லை.

உரத்திலிருந்து தண்ணீரில் கரைந்திருப்பது மீன் கழிவில் வரும் அதே நஞ்சுதான் என்று எனக்குத் தெரியும். அந்த நஞ்சைத் தின்னும் உயிர்கள் தொட்டியில் இருக்கின்றன, ஆனால் இவ்வளவையும் உடனே அவற்றால் தின்ன முடியாது. "தண்ணியில முக்கால்வாசிய இப்பவே எடுத்துட்டு புதுத் தண்ணி ஊத்தணும் அத்தை."

வெளியே பார்த்தோம். புல்லெல்லாம் வெள்ளை. பீலித் தண்ணீர் ஐஸ். அப்படியே ஊற்றினால் நஞ்சுக்குத் தப்பியது குளிரில் சாகும். வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டி நிறைய வேண்டும். அடுப்பில் இருந்ததோ ஒரு கேத்தல்.

அத்தை இஸ்தோப்புக்கு நடந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்து கையைப் பிடித்தேன். "அத்தை, சத்தம் போடாதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க வீட்லயும் அடுப்பு எரியுதுல்ல?"

இடுப்பில் கை வைத்தார்.

"ஏ சனமே! என் மீனு சாகுது! யாரும் ஒன்னும் பண்ணல, நான்தான் தேயில உரத்த போட்டுட்டேன்! சுடுதண்ணி வேணும்! அடுப்புல இருக்கிறத எல்லாம் கொண்டாங்க!"

சிரிப்புச் சத்தம் கேட்கத்தான் செய்தது. 'உரமா!' என்று யாரோ கத்தினார்கள். ஆனால் சிரித்த வாயோடு கதவுகள் திறந்தன. முதலில் வந்தது கடைசிக் காம்பரா அக்கா. ரொட்டி சுட்ட மாவுக் கையோடு, ஆவி பறக்கும் கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இந்தாங்க மதினி. ஒங்க மீனு செத்துட்டா நாளைக்கு மலையில நான் யாரக் கேலி பண்றது?"

அவருக்குப் பின்னால் அம்மா வந்தார். அடுத்தடுத்த காம்பராக்களிலிருந்து சட்டி, வாளி, பால் காய்ச்சும் பாத்திரம் எல்லாம் வந்தன. குளிக்க வைத்த தண்ணீரைக் கீழ் லயத்திலிருந்து இருவர் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார்கள். நான் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தொட்டித் தண்ணீரை வாளியில் இறக்கினேன். வாசலில் பெரிய பேசினில் சுடுதண்ணீரையும் பீலித் தண்ணீரையும் கலந்தார்கள். சூடு சரியா என்று முழங்கையை விட்டுப் பார்த்தார் அம்மா.

"பச்சப்புள்ளைக்கு ஊத்துற சூடு போதுமா?" என்று என்னைக் கேட்டார்.

என் அம்மா என்னிடம் கேட்டார். எல்லாரும் நான் சொல்வதற்காக நின்றார்கள். "அதவிட கொஞ்சம் கொறையணும்மா. இன்னும் ஒரு வாளி பச்சத்தண்ணி. மெதுவா ஊத்துங்க, மணலு கெளம்பக் கூடாது," என்றேன். நான் சொன்னபடி செய்தார்கள். புத்தகத்தில் படித்தது என் வாயிலிருந்து வந்து பத்துப் பதினைந்து கைகளில் வேலையாக ஓடுவதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

பெரட்டுக்கு ஆள் வராததைக் கண்டு கங்காணி ஏசிக்கொண்டே வந்தார். "என்னா கூத்து இது? நேரம் தெரியுமா?"

"மீனுக்கு மேலு சரியில்ல கங்காணி. ஒரு வாளி தூக்குங்க," என்றார் கடைசிக் காம்பரா அக்கா.

கங்காணி தொட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாளியைத் தூக்கினார்.

சாய்ந்த இரண்டும் போய்விட்டன. இன்னும் சிலவும் போயின. சாயந்திரம் மலையிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் தொட்டியைப் பார்க்க வந்தார்கள். மீதி மீன்கள் மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கி, தேயிலைத் தூரைச் சுற்றி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. வெளுத்த செடிக்கு மருந்து உரமல்ல, கூடுதல் வெளிச்சம்தான் என்று நான் படித்துச் சொல்ல, மாமா ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். அன்றிலிருந்து பீலிக்கரையில் யாரும் 'ஒங்க மீனு' என்று சொல்லவில்லை. 'நம்ம மீனு எப்படி இருக்கு?' என்றுதான் கேட்டார்கள்.

திருவிழா வந்தது. காலை முதலே அத்தை வீட்டு வாசலில் வரிசை. அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து, டயகமவிலிருந்து, றொசல்லவிலிருந்தெல்லாம் வந்த சொந்தக்காரர்களை எங்கள் லயத்து ஆட்களே அழைத்துக்கொண்டு வந்து காட்டினார்கள். "இதுல நான் ஊத்துன தண்ணியும் இருக்கு," என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சுவரோரம் பச்சை மதில்போல் செடி. அதற்கு முன்னால் பாசி போர்த்திய தேயிலைத் தூர், மேகம் இறங்கிய மலை மாதிரி. நடுவே கோடு கோடாக மீன்.

நானா வந்தார். கடையை மூடிவிட்டுத்தான் வந்தார். கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

"நானா, செடி இருக்கா?"

"ஈக்கி."

"மீனு இருக்கா?"

"ஈக்கி தங்கச்சி, ஈக்கி."

"இங்க இல்ல. இஸ்தோப்புல வந்து சத்தமா சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே எழுந்து போய், தேர்க் கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார். "ரெண்டும் ஈக்கிது! நான் செல்லியது பிழை!" ஒரு மனிதர் தோற்றதற்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்து நான் பார்த்ததில்லை.

"சரி, ஹீட்டர எங்க ஒளிச்சு வெச்சீங்க?" என்று கேட்டார். அத்தை அவரை உள்ளே கூட்டிப்போய் அடுப்பையும் சுவரையும் காட்டினார்.

"அது சின்ன ஹீட்டரு நானா," என்றார் கடைசிக் காம்பரா அக்கா. "பெரிய ஹீட்டரு நாங்க."

மறுபடி தொட்டியருகே குனிந்த நானா திடுமென்று கையைத் தூக்கினார். "தங்கச்சி... இந்தப் பாசிக்குள்ள பாருங்க."

பார்த்தோம். தலைமயிர் கனத்தில், இரண்டு புள்ளிக் கண்ணோடு ஏதோ ஒன்று துடித்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"குஞ்சு! இந்தக் குளிருல குஞ்சு!"

அத்தையைப் பார்த்தேன். அவர் முன்கூட்டி அறிவிக்காமல் நடந்த ஒரே காரியம் அது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கண் நிறைந்து வழியப் போகிற நேரத்தில் சட்டென்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"அதையும் சொல்லத்தான் இருந்தேன்!"

வீடே அதிர்ந்தது. அந்தச் சிரிப்போடு, கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, டக் டக்கென்று கொழுந்தெடுத்து ஒரு பிடி செடியை நானாவிடம் கொடுத்தார். கடையில் வையுங்கள் என்றார். இப்போதும் நானா கடையில் விற்கும் செடிகள் அந்தத் தொட்டியின் பிள்ளைகள்தான். குளிர் தாங்கும் செடி என்று கேட்டு வாங்குகிறார்கள்.

மத்தியானத்துக்குள் கண்ணாடி முழுக்க விரல் அடையாளம். நூறு பிள்ளைகள் வைத்த விரல். நான் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"துடைக்காத புள்ள. இருக்கட்டும்."

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? கூட்டம் நிறைந்திருந்த அந்த நேரத்திலேயே என் தோளைப் பிடித்து இஸ்தோப்புக்கு இழுத்துப் போனார்.

"அடுத்தத கேட்டுக்கங்க! இந்தப் புள்ள கெம்பஸ் போகப் போகுது! நம்ம லயத்துல இருந்து மொத ஆளு!"

பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சையை நான் இன்னும் எழுதக்கூட இல்லை. எனக்குக் காது சுட்டது. அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். நான் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக் காம்பராக்களில் டீவி சத்தம் குறைந்தது. பீலிக்கரையில் என் குடத்தை யாரோ முதலில் நிரப்பிக் கொடுத்தார்கள். கங்காணி அம்மாவிடம், "புள்ளைக்கு டியூசன் இருந்தா சொல்லு, வேலைய விட்டு நேரத்தோட போ," என்றார். கடைசிக் காம்பரா அக்கா தினமும் ஒரு கோப்பை பிளேன்டீயோடு வந்து, "இந்தா, இது மீனுக்கு ஊத்துனது இல்ல," என்று வைத்துவிட்டுப் போனார். அந்தக் கேத்தல்கள் எல்லாம் மறுபடி மேடேறி வந்துகொண்டிருந்தன, இந்த முறை எனக்காக.

பரீட்சை முடிவு வந்த நாளில் கைபேசியில் அதைப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். அம்மா மலையில் இருந்தார். உள்ளே போய் மெல்ல யாரிடமாவது சொல்லலாம் என்றுதான் கால் திரும்பியது. பிறகு இஸ்தோப்புக்கு நடந்தேன். இடுப்பில் ஒரு கையை வைத்தேன்.

"ஏ சனமே! நான் கெம்பஸ் போறேன்!"

சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டியில் செடி கிள்ளிக்கொண்டிருந்த அத்தை ஈரக் கையோடு வெளியே வந்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்தாது புள்ள," என்றார். "கீழ் லயத்துக்குக் கேக்கல."

மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை கத்தினேன்.